தோப்புக்குப் புல்வெட்டும் இயந்திரம்: பெட்ரோலா, கரண்டா, பேட்டரியா?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்ட விதத்தில் முதலில் சொல்லிவிடுகிறேன். உச்சிப்புளிக்குக் கிழக்கே உங்களுக்கு 40 சென்ட் இடம் இருக்கிறது. வீடும் முற்றமுமாக 12 சென்ட், மீதி 28 சென்ட் தென்னை. வளைகுடா வேலையை முடித்துக்கொண்டு ஊரோடு வந்துவிட்டீர்கள். மழை விட்டதும் கோரையும் யானை நெருஞ்சியும் சீமைக்கருவேலத் துளிரும் முழங்கால் உயரத்துக்கு வந்து நிற்கின்றன. கடைக்காரர் பெட்ரோல் பிரஷ் கட்டர்தான் (நீண்ட தண்டின் முனையில் தகடோ நைலான் நரம்போ சுழன்று வெட்டும் இயந்திரம்) வாங்க வேண்டும் என்கிறார், மகன் பேட்டரி என்கிறான், அப்பா அரிவாளே போதும் என்கிறார். யார் சொல்வது சரி என்று கேட்டிருக்கிறீர்கள். ராமநாதபுரத்தில் 18 ஆண்டுகளாகச் சிறிய எஞ்சின்களையும் மோட்டார்களையும் பழுது பார்த்து வருபவன் என்பதால் என் மேசைக்கு வந்து சேர்ந்தவற்றை வைத்தே பதில் சொல்கிறேன்.

கடையில் இயந்திரத்தின் பலத்தைப் பற்றித்தான் பேசுவார்கள்: எத்தனை சிசி, எத்தனை வாட், எவ்வளவு தடித்த தண்டை வெட்டும் என்று. நம் கடற்கரையில் அதற்கு முன்பே கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: ஆண்டில் எத்தனை நாள் இந்த இயந்திரம் சும்மா கிடக்கப் போகிறது? நமக்கு மழை ஐப்பசியிலும் கார்த்திகையிலும் பெய்கிறது. புல் மார்கழியில் நிமிர்ந்து, தை மாசியில் முற்றி, பங்குனி வெயிலில் தானே காய்ந்துவிடுகிறது. இடையில் ஒரு கோடை மழை பெய்தால் இன்னொரு முறை வெட்ட வேண்டியிருக்கும். ஆக, மூன்று மாதம் வேலை, ஏழெட்டு மாதம் உப்புக்காற்றில் ஓய்வு. என்னிடம் பழுதாகி வரும் இயந்திரங்களில் உழைத்துத் தேய்ந்தவை குறைவு. கொட்டகையில் கிடந்தே கெட்டவைதான் மிகுதி. ஆகவே மூன்று வகைகளையும், அவை எப்படி வெட்டும் என்பதைவிட எப்படிக் கிடக்கும் என்று பார்த்தே எடைபோடுகிறேன்.

பெட்ரோலில் தொடங்குகிறேன், ஏனெனில் சொல்ல வேண்டியது அதில்தான் அதிகம். இன்று பங்கில் நாம் வாங்கும் பெட்ரோலில் 20 விழுக்காடு வரை எத்தனால் கலந்திருக்கிறது. 2023 பிப்ரவரியில் அறிமுகமான இந்தக் கலவை இப்போது எங்கும் பரவிவிட்டது. தினமும் ஓடும் மோட்டார் சைக்கிளில் இதனால் பெரிய தொல்லை தெரியாது. ஆனால் எத்தனால் காற்றில் உள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மை கொண்டது, நம் காற்றிலோ ஈரத்துக்குப் பஞ்சமே இல்லை. பாதி காலியான டாங்கியிலோ மூடி சரியாக இறுகாத கேனிலோ மாதக்கணக்கில் கிடக்கும் பெட்ரோல், ஈரம் ஓர் அளவைத் தாண்டியதும் இரண்டாகப் பிரிகிறது; எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து அடியில் தங்க, பெட்ரோல் மேலே மிதக்கிறது. எரிபொருள் உறிஞ்சும் குழாயின் முனை இருப்பதும் அடியில்தான். பெட்ரோலிலேயே எண்ணெய் கலந்து ஓட்டும் டூ ஸ்ட்ரோக் எஞ்சினில் இது வெறும் ஸ்டார்ட் ஆகாத பிரச்சினையோடு நிற்பதில்லை. அந்த எஞ்சினுக்கு உயவு தரும் எண்ணெய் பெட்ரோலோடு மேலேயே தங்கிவிடுவதால், அடியில் உள்ளதைக் குடித்து ஓடும் எஞ்சின் எண்ணெயே இல்லாமல் ஓடி பிஸ்டன் பிடித்துப்போகிறது. சென்ற ஆண்டு வாங்கிய இயந்திரம், பத்து மணி நேரம்கூட ஓடவில்லை, பிஸ்டன் எப்படிப் போகும் என்று கேட்டு வருபவர்களுக்கு நான் டாங்கியில் இருப்பதை ஒரு கண்ணாடி டம்ளரில் ஊற்றிக் காட்டுவது வழக்கம்.

பெட்ரோல் பிரியாவிட்டாலும் சிக்கல் உண்டு. அதன் லேசான பகுதி ஆவியாகிப் போனபின் மிஞ்சுவது பிசினாக மாறி, கார்புரேட்டரின் ஊசித்துளை அளவுள்ள ஜெட்டை அடைத்துவிடும். உள்ளே இருக்கும் மெல்லிய ரப்பர் டயாபிரம் விறைத்துப்போகும். பெட்ரோல் குழாயும் கையால் அமுக்கும் பல்பும் முதலில் ஊறிப் பின்பு வெடிப்பு விடும். பல நிறுவனங்களின் கையேடுகளில் இத்தகைய சிறிய எஞ்சின்களுக்கு எத்தனால் 10 விழுக்காடு வரைதான் ஏற்றது என்று அச்சிட்டிருப்பதைப் பார்க்கலாம். நமக்குக் கிடைப்பது அதன் இரு மடங்கு. எனவே பெட்ரோல் இயந்திரம் வாங்குபவர் ஒரு பழக்கத்தை விடாமல் கடைப்பிடிக்க வேண்டும்: பருவத்தின் கடைசி நாளில் டாங்கியை முழுக்கக் காலி செய்து, எஞ்சின் தானாக அணையும் வரை ஓடவிட்டு, பிளக்கைக் கழற்றி, சிறிது எண்ணெய் விட்டு, கயிற்றை இரண்டு முறை மெல்ல இழுத்து மூடி வைப்பது. இதற்கு ஆகும் நேரம் பத்து நிமிடம். செய்பவர்கள் பத்தில் இருவர் இருந்தால் அதிசயம்.

இதே சிக்கல் உலகின் மறுகோடியிலும் இருப்பது எனக்கு ஒரு வேடிக்கை. என் மைத்துனர் டொரோண்டோவில் இருக்கிறார். அங்கே பனி என்றால் நம் மார்கழிப் பனி அல்ல, அள்ளிக் கொட்ட வேண்டிய பனி. வீட்டுக்கு முன்னால் குவிவதைத் தள்ள ஓர் இயந்திரம் வைத்திருக்கிறார்; அதிலும் பெட்ரோல், கரண்ட், பேட்டரி என்று இதே மூன்று வகை, இதே விவாதம். நகராட்சி வண்டி தெருவைத் தள்ளிக்கொண்டு போகும்போது வாசலில் ஒதுக்கிவிட்டுப் போகும் ஈரமான கட்டிப் பனியைச் சிறிய மின்சார இயந்திரம் தள்ளத் திணறும் என்பதால் பெட்ரோலே வாங்கினார். அது ஏப்ரல் முதல் நவம்பர் வரை சும்மா கிடந்து, முதல் பனி விழுந்த காலையில் கார்புரேட்டர் அடைத்து நின்றுவிட்டது. அவருக்குக் குளிர் விட்டதும் ஓய்வு, நமக்குப் புல் காய்ந்ததும் ஓய்வு. இரண்டு இடத்திலும் இயந்திரத்தைக் கெடுத்தது ஓய்வுதான்.

பெட்ரோலிலேயே டூ ஸ்ட்ரோக், ஃபோர் ஸ்ட்ரோக் என்று இரண்டு உண்டு. சந்தையில் மலிவாகக் கிடைக்கும் 52 சிசி இயந்திரங்கள் டூ ஸ்ட்ரோக். இவற்றுக்குப் பெட்ரோலில் எண்ணெய் கலந்து ஊற்ற வேண்டும். கையேட்டில் 25-க்கு 1 என்று இருந்தால் லிட்டருக்கு 40 மில்லி, 50-க்கு 1 என்றால் 20 மில்லி. மோட்டார் சைக்கிள் எஞ்சினில் ஊற்றும் எண்ணெயை இதில் கலக்கக் கூடாது. வண்டியில் வடித்த பழைய எண்ணெயைக் கலப்பவர்களும் இருக்கிறார்கள், அவர்களைப் பற்றி எழுத வேண்டாம் என்று நினைக்கிறேன். ஃபோர் ஸ்ட்ரோக்கில் எண்ணெய் தனி அறையில் இருக்கிறது. கலக்கும் வேலை இல்லை, புகை குறைவு, பெட்ரோலும் குறைவாகவே குடிக்கும். நம் பக்கம் பரவலாகப் பார்க்கக்கூடிய ஹோண்டா ஜிஎக்ஸ்35 இந்த வகை, 35.8 சிசி, எண்ணெய் 100 மில்லிதான் பிடிக்கும். அளவு இவ்வளவு சிறியது என்பதாலேயே அதில் 30 மில்லி குறைந்தாலும் எஞ்சினுக்குக் கேடு. முதல் 10 மணி நேரத்தில் ஒருமுறையும் பின்பு 50 மணி நேரத்துக்கு ஒருமுறையும் எண்ணெய் மாற்ற வேண்டும். பெட்ரோல்தான் என்று முடிவு செய்தால், சிசி எண்ணிக்கையைப் பார்த்து மயங்காமல், விலை கூடினாலும் ஃபோர் ஸ்ட்ரோக்கை எடுங்கள் என்பதே என் கருத்து.

பெட்ரோலுக்கு ஆதரவாகச் சொல்ல வேண்டியதையும் மறைக்கக் கூடாது. 1 லிட்டர் பெட்ரோலில் ஏறத்தாழ 8 யூனிட் அளவுக்கு வெப்ப ஆற்றல் இருக்கிறது. சிறிய எஞ்சின் அதில் பெரும்பகுதியை வெப்பமாகவும் புகையாகவும் வீணாக்கிவிட்டு ஆறில் ஒரு பங்கை மட்டும் தகடு வரை கொண்டுபோய்ச் சேர்த்தாலும், அதுவே 1.3 யூனிட். நல்ல 36 வோல்ட், 5 ஆம்பியர் மணி பேட்டரி ஒன்றில் இருப்பது மொத்தமே 180 வாட் மணி, அதாவது 0.18 யூனிட். ஒரு லிட்டரின் வேலைக்கு ஏழெட்டு பேட்டரி வேண்டும் என்று கணக்கு வருகிறது. ஏக்கர் கணக்கில் இடம் வைத்திருப்பவர், நாள் முழுக்கக் கூலிக்கு வெட்டுபவர், வயலில் கரண்ட் இல்லாதவர் ஆகியோர் பெட்ரோலைத் தவிர வேறு எதையும் யோசிக்க வேண்டியதில்லை. பழுது பார்ப்பதும் எளிது. வள்ளத்து எஞ்சினைக் கழற்றி மாட்டத் தெரிந்த கைகள் மண்டபம் முதல் தொண்டி வரை ஊருக்கு ஊர் இருக்கின்றன, கார்புரேட்டரும் பிளக்கும் கயிறும் எந்த ஊர்க் கடையிலும் கிடைக்கும். ஆனால் பங்கில் கேனிலும் பாட்டிலிலும் பெட்ரோல் தரப் பெரும்பாலும் மறுப்பார்கள் என்பதால் வண்டி டாங்கியிலிருந்து குழாய் போட்டு எடுக்கும் நிலை வரும். அதை வாயால் உறிஞ்சி எடுக்காதீர்கள். சில ரூபாய்க்குக் கை பம்பு கிடைக்கிறது.

அடுத்தது வீட்டு பிளக்கில் செருகி ஓட்டும் இயந்திரம். சும்மா கிடப்பதில் இதை மிஞ்ச எதுவும் இல்லை. பெட்ரோலும் இல்லை, பேட்டரியும் இல்லை. எடுத்து, தூசி தட்டி, செருகினால் ஓடும். விலையும் மூன்றில் குறைவு, கைக்கும் கனம் குறைவு. உங்கள் வீட்டைச் சுற்றியுள்ள 12 சென்ட்டுக்கு மட்டும் கேட்டிருந்தால் யோசிக்காமல் இதைச் சொல்லி முடித்திருப்பேன்.

தோப்புக்கு அது ஏன் ஒத்துவராது என்பதற்குக் காரணம் ஒயர். 40 சென்ட் என்பது ஏறத்தாழ 1,620 சதுர மீட்டர்; இடம் நீளவாட்டத்தில் இருந்தால் பிளக்கிலிருந்து கடைசி வேலி வரை 60 மீட்டர் ஒயர் தேவைப்படும். கடையில் விற்கும் சாதாரண எக்ஸ்டென்ஷன் பெட்டியில் பெரும்பாலும் இருப்பது 0.75 சதுர மில்லிமீட்டர் கம்பி. 1,200 வாட் மோட்டார் அந்த 60 மீட்டர் ஒயரில் ஓடும்போது போகவரச் சேர்த்து ஏறத்தாழ 17 வோல்ட் வழியிலேயே இழப்பாகிவிடும். லைனின் கடைசி வீடுகளில் மாலை நேரத்தில் வோல்டேஜ் ஏற்கெனவே 200-க்கு இறங்கியிருந்தால் மோட்டாருக்குப் போய்ச் சேர்வது 183. வேகம் குறையும், வெட்டவில்லையே என்று நாம் அழுத்துவோம், காயில் சூடாகும். பிறகு அது காயில் கட்டும் கடைக்குத்தான் வரும். 2.5 சதுர மில்லிமீட்டர் ஒயராக இருந்தால் இழப்பு 5 வோல்ட்டுக்குள் அடங்கும், ஆனால் அந்த ஒயரின் விலை இயந்திரத்தின் விலைக்கு அருகில் வந்து நிற்கும். ஒயரைச் சுருளாக வைத்தபடியே ஓட்டினால் சுருளே சூடாகி உருகும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எப்போதும் முழுவதும் பிரித்துப் போட்டுத்தான் ஓட்ட வேண்டும்.

இதைவிடப் பெரியது உயிர் பயம். மார்கழிக் காலையில் புல்லில் பனி நிற்கிறது. ஈர மணலில் நின்றுகொண்டு, கையில் ஓர் இயந்திரம், காலடியில் ஒரு ஒயர், அந்த ஒயரைத் தானே வெட்டிவிடக்கூடிய நரம்பு. ஒவ்வொரு தென்னையையும் சுற்றிவரும்போது ஒயர் எதிலாவது சிக்கும். வீட்டு மெயினில், 30 மில்லி ஆம்பியர் மின்கசிவுக்கே கரண்டை அறுத்துவிடும் ஆர்சிசிபி என்ற பாதுகாப்பு சுவிட்ச் இல்லாத வீட்டில் ஒயர் இயந்திரத்தை வெளியே எடுத்துச் செல்லவே கூடாது என்பது என் உறுதியான எண்ணம். உங்கள் வீடு புதிதாக ஒயரிங் செய்தது என்றால் அது இருக்கக்கூடும். அதிலுள்ள சோதனைப் பொத்தானை அமுக்கிப் பாருங்கள், உடனே கரண்ட் அறுந்தால் வேலை செய்கிறது என்று பொருள்.

இனி மகன் சொல்லும் பேட்டரி. இதில் ஏமாற்றும் மிகுதி, நன்மையும் மிகுதி. ஏமாற்றை முதலில் சொல்கிறேன். இணையத்தில் மூவாயிரம் நாலாயிரத்துக்கு விற்கும் இயந்திரங்களின் பேட்டரியில் 48 விஎஃப், 88 விஎஃப் என்றெல்லாம் பெரிய எழுத்தில் இருக்கும். திறந்து பார்த்தால் உள்ளே ஐந்து லித்தியம் செல்தான் வரிசையாக இருக்கும். ஒரு செல்லின் சராசரி 3.6 வோல்ட், முழுதாக ஏறினால் 4.2, ஐந்தைப் பெருக்கிப் பாருங்கள், 18 முதல் 21 வோல்ட், அதற்குமேல் வர வழியே இல்லை. நல்ல நிறுவனங்கள் ‘20 வோல்ட்’ என்று விற்பதும் இதே ஐந்து செல் பேட்டரிதான். 18 வோல்ட், 4 ஆம்பியர் மணி என்றால் 72 வாட் மணி. வாசல் ஓரத்துப் புல்லுக்கு அது போதும், தோப்புக்கு ஆகாது. வாங்கும்போது வோல்ட்டைப் பார்க்காதீர்கள். வோல்ட்டையும் ஆம்பியர் மணியையும் பெருக்கி வாட் மணி எவ்வளவு என்று கேளுங்கள். கடைக்காரர் சொல்லத் தயங்கினால் வேறு கடைக்குப் போங்கள். உங்கள் தோப்புக்கு 36 வோல்ட் வகையில், பிரஷ்லெஸ் (கார்பன் பிரஷ் இல்லாத) மோட்டாரோடு, 180 வாட் மணிக்குக் குறையாத இரண்டு பேட்டரிகள் வேண்டும். இயந்திரமும் பேட்டரிகளும் சார்ஜரும் சேர்த்து விலை நல்ல ஃபோர் ஸ்ட்ரோக்குக்குச் சமமாகவோ அதற்கு மேலோ வரும் என்பதை இப்போதே மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

அப்படிப்பட்ட பேட்டரி ஒன்று முற்றிய கோரையில் 20 நிமிடமும் மெல்லிய புல்லில் 35 நிமிடமும் ஓடும். பெட்ரோல் இயந்திரத்தால் என் கையில் ஒரு மணி நேரத்துக்கு 10 சென்ட் வரும். பேட்டரியில் 7 சென்ட் வரும் என்று வைத்துக்கொள்வோம். உங்கள் 28 சென்ட்டுக்கு 4 மணி நேரம், அதாவது ஏறத்தாழ பத்து பேட்டரி. கடைக்காரர் இந்த இடத்தில் சிரிப்பார். ஆனால் நான் கேட்கிறேன்: நம் ஊர் வெயிலில் யார் நான்கு மணி நேரம் தொடர்ந்து புல் வெட்டுகிறார்கள்? காலை ஆறு மணிக்கு இறங்கினால் ஏழரைக்கு மேல் தோப்பில் நிற்க முடிவதில்லை. இரண்டு பேட்டரி தீரும் நேரமும் நீங்கள் மோருக்கு வீடு திரும்பும் நேரமும் ஒன்றாகத்தான் இருக்கும். இரண்டும் பத்து மணிக்குள் மறுபடி சார்ஜ் ஆகிவிடும். ஐந்து காலைகளில் தோப்பு முடிந்துவிடும். ஒரே ஞாயிற்றுக்கிழமையில் வந்து எல்லாவற்றையும் முடித்துவிட்டு மதுரைக்குத் திரும்ப வேண்டியவருக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. ஊரோடு இருக்கும் உங்களுக்குப் பொருந்தும்.

சத்தமும் ஒரு கணக்குதான். பெட்ரோல் இயந்திரம் ஓட்டுபவர் காதில் 100 டெசிபலைச் சுற்றி இரைகிறது. காது மூடி இல்லாமல் ஆண்டுக்கணக்கில் ஓட்டியதன் பலனை நானே அனுபவிக்கிறேன், என்னிடம் பேசுபவர்கள் இரண்டு முறை சொல்ல வேண்டியிருக்கிறது. பேட்டரியில் விசையை விட்டதும் எல்லாம் அமைதி. அந்த நேரத்தில் ஆற்றலும் செலவாவதில்லை.

பேட்டரி சும்மா கிடப்பதற்கும் ஒரு முறை உண்டு, அது பெட்ரோலைவிட எளிது. லித்தியம் பேட்டரி முழுச் சார்ஜில் வெப்பமான இடத்தில் கிடந்தால் ஓடாமலேயே கிழடாகும். முற்றிலும் காலியாகக் கிடந்தால் ஒருநாள் சார்ஜே ஏறாது. பாதிச் சார்ஜில், வீட்டுக்குள், நெல் மூட்டை வைக்கும் நிழலான அறையில் வைத்து, மூன்று மாதத்துக்கு ஒருமுறை எடுத்துப் பார்த்தால் போதும். தகரக் கொட்டகையில் மட்டும் வைக்காதீர்கள். சித்திரையில் அதற்குள் நிற்கும் வெப்பம் அதற்கு எமன். வெட்டி முடித்த சூட்டோடு சார்ஜரில் செருகுவதும் தவறு. அரை மணி நேரம் ஆறவிட்டுப் பிறகு செருகுங்கள்.

உப்புக்காற்றும் மணலும் மூன்று வகைக்கும் பொதுவான எதிரிகள். ஆனி ஆடியில் கச்சான் காற்று அள்ளிக்கொண்டு வரும் மணல், திண்ணையில் மூடாமல் வைத்த மோட்டாரின் காற்றுத் துளைகள் வழியே உள்ளே போய்த் தங்கும். எஞ்சினில் ஏர் பில்டரை அடைக்கும். பேட்டரி செருகும் பித்தளை முனைகளில் பச்சைக் களிம்பு பூக்கும். வேலை முடிந்ததும் ஈரத்துணியால் துடைத்து, உடனே உலர்த்தி, தகட்டிலும் கியர் தலையிலும் லேசாக எண்ணெய் தடவி, கடலைப் பார்க்காத பக்கத்து அறையில் வைக்க வேண்டும். துடைப்பதற்குக் காவிரிக் குடிநீரை ஒரு குவளை எடுத்துக்கொள்ளுங்கள். நம் கிணற்றுத் தண்ணீரில் கழுவினால் உப்பை நாமே பூசியதாகும். கியர் தலைக்கு 20, 25 மணி நேரத்துக்கு ஒருமுறை கிரீஸ் வைக்க வேண்டும் என்பது பெட்ரோல் இயந்திரத்தில் பலரும் மறக்கும் வேலை.

சீமைக்கருவேலத்தைப் பற்றித் தனியாகச் சொல்லியாக வேண்டும், ஏனெனில் கடைக்காரர் உங்களைப் பெட்ரோல் பக்கம் தள்ளுவதற்கு அதைத்தான் காரணமாகக் காட்டியிருக்கிறார். அவர் சொல்வது போலப் பெட்ரோல் இயந்திரத்தில் மூன்று பல் தகடு போட்டால் விரல் பருமன் தண்டையும், வட்ட ரம்பத் தகடு போட்டால் அதைவிடத் தடித்ததையும் அறுத்துவிடலாம். ஆனால் சீமைக்கருவேலத்தைத் தரையோடு அறுப்பது அதைக் கொல்வதாகாது. அதன் மொட்டுகள் மண்ணுக்குக் கீழே தண்டும் வேரும் கூடும் இடத்தில் இருக்கின்றன. அறுத்த இடத்திலிருந்து ஒன்றுக்கு ஐந்தாறாகத் துளிர்த்து, அடுத்த மழையில் புதராக நிற்கும். பத்து ஆண்டுகளாக ஒரே இடத்தில் ஆண்டுதோறும் அதை அறுத்து, ஆண்டுதோறும் தகடு வாங்கிக்கொண்டிருக்கும் வாடிக்கையாளர்கள் எனக்கு உண்டு. கன்றாக இருக்கும்போதே, மழை ஈரம் மண்ணில் இருக்கும் நாட்களில் கடப்பாரையால் நெம்பித் தூரோடு எடுப்பதுதான் வழி. பெரியதாகிவிட்டால் கரிமூட்டம் போடுபவர்களிடம் சொல்லிவிடுங்கள். விறகோடு தூரும் கரிக்கு ஆகும் என்பதால் அவர்கள் தோண்டியே எடுத்துக்கொள்வார்கள். தோப்புக்குள் பக்கத்து வீட்டு ஆடுகளை விடும்போது அவை கருவேலங்காயைத் தின்றுவிட்டு வந்தவையா என்றும் பார்க்க வேண்டும், ஏனெனில் புழுக்கையோடு விதையும் விழும். அந்த மரத்தைக் கணக்கிலிருந்து நீக்கிவிட்டால், தோப்பில் மிஞ்சுவது புல்லும் கோரையும் நெருஞ்சியும். அவற்றுக்குத் தகடே தேவையில்லை, நைலான் நரம்பு போதும். பெட்ரோலின் பெரிய வாதம் அத்தோடு விழுந்துவிடுகிறது.

ஆகவே உங்கள் இடத்தில் நான் இருந்தால் செய்வது இது. முதல் ஆண்டு, பொங்கலுக்கு முன், பெட்ரோல் இயந்திரம் வைத்திருக்கும் ஒருவரைக் கூலிக்கு அழைத்து 28 சென்ட்டையும் ஒருமுறை அடியோடு வெட்டச் செய்வேன். இத்தனை நாள் கவனிக்காமல் விட்ட முதல் வெட்டுதான் கடினம். சீமைக்கருவேலத்தை ஆள் வைத்துத் தோண்டி எடுப்பேன். அதன்பின் 36 வோல்ட் பேட்டரி இயந்திரம் ஒன்றும் இரண்டு பேட்டரிகளும் வாங்கி, புல் கணுக்கால் உயரத்தைத் தாண்டவிடாமல் வாரத்துக்கு ஒரு காலை ஒதுக்குவேன். கையில் பணம் குறைவு என்றால், வீட்டைச் சுற்றி மட்டும் ஒயர் இயந்திரம், தோப்புக்கு ஆண்டுக்கு இரண்டு முறை கூலி ஆள். அதுவும் கெட்ட ஏற்பாடு அல்ல. ஓர் ஏக்கருக்கு மேல் இருந்தால் இந்தப் பதிலை அப்படியே திருப்பிப்போட்டு ஃபோர் ஸ்ட்ரோக் வாங்கச் சொல்லியிருப்பேன். அப்படி வாங்குபவர்கள் பணம் கட்டுவதற்கு முன்பே வேளாண்மைப் பொறியியல் துறை அலுவலகத்தில் மானியப் பட்டியலைக் கேட்டுவிட வேண்டும். வாங்கிய ரசீதோடு பின்னால் போய் நின்றால் பயன் இல்லை.

புயல் வந்து கரண்ட் போனால் பேட்டரியை என்ன செய்வது என்றும் கேட்டிருந்தீர்கள். 2018 நவம்பரில் கஜா அடித்தபோது நமக்கு வடக்கே பல ஊர்களில் நாட்கணக்கில் கரண்ட் இல்லை என்பது உண்மை. ஆனால் புயலுக்கு மறுநாள் வழியை மறித்துக் கிடப்பது புல் அல்ல, தென்னை. அதை அறுக்கச் செயின் சா வேண்டும். பிரஷ் கட்டர் பெட்ரோலாக இருந்தாலும் பேட்டரியாக இருந்தாலும் அந்த நாளில் மூலையில்தான் நிற்கும். எனவே புயலை வைத்து இதை முடிவு செய்ய வேண்டாம்.

எதை வாங்கினாலும் மூன்று சிறிய விஷயங்கள். நம் கடற்கரை மணலில் பழைய சுவர்களிலிருந்து உதிர்ந்த பவளக்கல் சில்லுகள் நிறையக் கிடக்கின்றன. நரம்பு பட்டால் அவை தோட்டா போலப் பறக்கும். கண்ணாடியும் மூடிய காலணியும் இல்லாமல் இறங்காதீர்கள், 15 மீட்டருக்குள் ஆளோ ஆடோ நிற்கவிடாதீர்கள். இரண்டாவது, நரம்பு தீர்ந்துவிட்டது என்று வலைக்கடையில் தங்கூசி (மீன்பிடி நரம்பு) வாங்கிச் சுற்றாதீர்கள். அது இழுவைக்குச் செய்தது, அடி தாங்காமல் துண்டு துண்டாகத் தெறிக்கும். இயந்திரத்துக்கான நைலான் நரம்பே காய்ந்து நொறுங்கினால், ஓர் இரவு தண்ணீரில் ஊறப்போட்டால் மறுபடி இளகும். மூன்றாவது, நரம்பு மண்ணைத் தொடாமல் இரண்டு விரல் உயரத்தில் ஓட்டப் பழகுங்கள். மணலைத் தொட்டால் நரம்பும் தேயும், தலையிலும் மணல் ஏறி நரம்பு வெளியே வராமல் இறுகும்.

அப்பா சொன்னதை ஒதுக்கிவிட வேண்டாம். நீங்கள் புதிதாக வைத்திருக்கும் தென்னங்கன்றுகளின் அடியில் எந்த இயந்திரத்தையும் கொண்டுபோகாதீர்கள். சுழலும் நரம்பு ஒரே சுற்றில் இளம் அடியைக் கிழித்துவிடும். காயம் பட்ட கன்று தேறுவதும் வண்டு விழாமல் தப்புவதும் கடினம். கன்றைச் சுற்றி ஒரு மீட்டருக்கும், சொட்டுநீர்க் குழாய் ஓடும் வரிசைக்கும் அரிவாளும் களைக்கொத்தும்தான். அந்த வேலையை அவர் காலை வெயிலுக்கு முன் செய்து முடிக்கும்போது நீங்கள் முதல் பேட்டரியைப் பாதிகூடத் தீர்த்திருக்க மாட்டீர்கள்.